கோயிற்பற்று: யாழ்ப்பாணக் குடாநாட்டு ஊர்த் தேவாலயங்களின் வரலாறும் கட்டடமும்

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதி ஒன்றை விரித்து வாசித்தால், காணியின் பெயருக்கும் பரப்புக்கும் முன்னால் ஒரு சொல் வந்து நிற்கும்: கோயிற்பற்று. வட்டுக்கோட்டைக் கோயிற்பற்று, சங்கானைக் கோயிற்பற்று, அச்சுவேலிக் கோயிற்பற்று என்று எழுதி, அதற்குள் இறை, அதற்குள் காணி, பிறகு பரப்பும் குழியும் எல்லைகளும். உறுதியைப் பெட்டகத்தில் வைத்திருப்பவர் பெரும்பாலும் சைவர். அவர் நேர்த்தி வைப்பது ஊர்ப் பிள்ளையாருக்கும் அம்மனுக்கும். ஆனால் உறுதியில் வரும் கோயில் பிள்ளையார் கோயிலும் அல்ல, அம்மன் கோயிலும் அல்ல, வேதக்கோயில். போர்த்துக்கேயர் எழுப்பி, ஒல்லாந்தர் எடுத்து நடத்தி, ஆங்கிலேயர் வந்தபின் கூரையிழந்து நின்ற ஊர்த் தேவாலயம். அதற்கு உட்பட்ட நிலம் கோயிற்பற்று ஆயிற்று. தேவாலயங்களிற் பல மண்ணோடு மண்ணாகிவிட்டன. பற்று இன்றும் உறுதியில் இருக்கிறது.

குடாநாட்டின் பழைய தேவாலயங்களைப் பற்றி நம்மவர் எழுதியவை இரண்டு வழியிற் போகின்றன. ஒன்று திருச்சபை வரலாறு: எந்தத் துறவி எப்போது வந்தார், எத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றார்கள் என்பது. மற்றது இழப்பின் வரலாறு: எந்தக் கோயில் இடிபட்டது, அதன் கல் எங்கே போனது என்பது. இரண்டும் வேண்டியவையே. இரண்டுக்கும் நடுவில், அந்தக் கட்டடம் ஊருக்குள் என்ன வேலை செய்தது என்ற கேள்விதான் கவனிக்கப்படாமல் கிடக்கிறது. வழிபாட்டிடமாக இருந்ததைவிட, பள்ளிக்கூடமாகவும் பதிவேட்டு மனையாகவும்தான் அது நம் ஊர்களை ஆழமாக மாற்றியது என்பது என் முடிவு. கட்டடத்தின் அமைப்பையும் அந்தக் கண்ணோடு பார்த்தால்தான் விளங்கும்.

ஐரோப்பாவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இங்கே உதவும். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் 12ஆம், 13ஆம் நூற்றாண்டுத் தேவாலயங்கள் இன்றும் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. அவை ஊரோடு சேர்ந்து வளர்ந்தவை. ஒரு தலைமுறை கட்டிய நீள்மண்டபத்துக்கு அடுத்த தலைமுறை பக்கச்சிறகு சேர்த்தது. அதற்கடுத்தது மணிக்கோபுரம் எழுப்பியது. விளைச்சலில் பத்திலொரு பங்கு தேவாலயத்துக்குப் போனது. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தோமஸ் குரொம்வெல், திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பங்கிலும் எழுதிவைக்க ஆணையிட்டார். கத்தோலிக்கத் திருச்சபையும் 1563இல் திரெந்துப் பொதுச்சங்கத்தின் வழியாகத் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது. ஆக, போர்த்துக்கேயத் துறவிகள் நம் கடற்கரைக்கு வந்த காலத்தில், பங்கு என்றாலே பெயர்களை எழுதும் இடம் என்ற பொருள் அவர்களுக்கு ஊறியிருந்தது.

இலங்கையில் கிறிஸ்தவம் அதற்கு வெகு முந்தியது என்பதையும் சொல்லவேண்டும். இத்தீவில் பாரசீகக் கிறிஸ்தவர் குடியிருந்ததை 6ஆம் நூற்றாண்டிலேயே கொஸ்மாஸ் என்ற பயணி எழுதினார். அநுராதபுரத்தில் 1912இல் சிலுவை செதுக்கிய கல் ஒன்று கிடைத்தது. ஆனால் அவர்கள் வணிகர். ஊரூராகப் பங்கு பிரித்தவர்கள் அல்லர். ஐரோப்பிய ஊர்கள் தம் தேவாலயங்களுக்குச் சிறகும் கோபுரமும் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில் இங்கே நல்லூரில் ஆரியச்சக்கரவர்த்திகள் ஆண்டார்கள். ஆகவே நடுக்காலத் தேவாலயம் என்ற சொல்லை யாழ்ப்பாணத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஐரோப்பா தன் நடுக்காலத்தில் மெல்ல மெல்லச் செய்த பங்குப் பிரிவினையை 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் ஒரே தலைமுறைக்குள் நம் நிலத்தின்மேல் விரித்தார்கள் என்பதே சரி. அது வந்த வேகம் பின்னால் விழுந்த வேகத்துக்கும் காரணம்.

அதன் தொடக்கம் குருதியில் நனைந்தது. 1544இல் மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவரானவர்களைச் சங்கிலி மன்னன் கொல்வித்தான். 1560இல் கோவாவிலிருந்து போர்த்துக்கேய ஆளுநர் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா படையோடு வந்தார். 1591இல் அந்திரே பூர்த்தாது த மென்டோன்சா நல்லூரைப் பிடித்து எதிர்மன்னசிங்கத்தை அரியணையில் ஏற்றினார். அதன்பின் துறவிகளுக்கு வழி திறந்தது. 1619இல் பிலிப் த ஒலிவேரா அரசை முற்றாகக் கைப்பற்றினார். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. தலைநகர் கடலோரம் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாறியது. பிரான்சிஸ்கன் துறவிகளும், 1620களிலிருந்து இயேசு சபையினரும் ஊர்களைப் பங்கிட்டுக்கொண்டு தேவாலயங்களை எழுப்பினர். முதலில் ஓலையும் மண்ணும், பிறகு கல்.

இவற்றை இடம் இடமாக நமக்குக் காட்டியவர் அந்தத் துறவிகள் அல்லர். அவர்களைத் துரத்தியவர்களோடு வந்த ஒருவர். 1658 ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடம் விழுந்தது. அவர்களோடு வந்த குரு பிலிப்பஸ் பால்தேயஸ் அடுத்த சில ஆண்டுகளை இங்கே கழித்தார், தமிழ் படித்தார், ஊரூராகச் சுற்றினார். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த அவருடைய பெருநூல் குடாநாட்டுத் தேவாலயங்களைப் படங்களோடு வரிசைப்படுத்துகிறது. வலிகாமத்தில் தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, அச்சுவேலி, உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, சங்கானை, மானிப்பாய், வண்ணார்பண்ணை, நல்லூர், சுண்டிக்குளி, கோப்பாய், புத்தூர். தென்மராட்சியில் நாவற்குழி, சாவகச்சேரி, கச்சாய், வரணி, எழுதுமட்டுவாள். வடமராட்சியில் கட்டைவேலி, உடுப்பிட்டி, பருத்தித்துறை. இவற்றோடு பச்சிலைப்பள்ளியும் தீவுகளும். இந்தப் பட்டியலை வாசிக்கும்போது எனக்கு ஒன்று படுகிறது. இன்றைக்கு நாம் பேருந்துப் பலகையில் பார்க்கும் பெயர்களிற் பாதி இதில் இருக்கிறது. பெரிய பாடசாலை, சந்தை, பிரதேச செயலகம் என்று பின்னாளில் வந்தவை பலவும் இந்தப் பழைய பங்கு ஊர்களிலேயே வந்து சேர்ந்தன.

நூலிலுள்ள படங்களை ஓரளவுக்கே நம்பலாம். செப்புத் தகட்டில் அவற்றைச் செதுக்கியவர்கள் ஐரோப்பியக் கண்ணால் பார்த்தவர்கள். பனையும் தென்னையும் அவர்கள் கையில் வேறு மரமாகிவிடுகின்றன. ஆனால் அமைப்பு ஒன்றுபோலத் திரும்பத் திரும்ப வருகிறது. நீண்ட ஒற்றை மண்டபம், முக்கோணமாக உயரும் முகப்பு, பக்கத்தில் குருமனை, சுற்றிவர மதிலும் தோட்டமும். ஊர்த் தேவாலயம் தனிக் கட்டடமாக இருக்கவில்லை. வளவு முழுவதும் சேர்ந்துதான் அது.

படத்தை விட்டுவிட்டுக் கல்லைப் பார்க்க விரும்புவோர் சங்கானைக்குப் போகவேண்டும். கூரை போய்விட்டது, முருகைக்கற் சுவர்கள் நிற்கின்றன. ஆள் கைநீட்டி அளக்கத்தக்க தடிப்பு. சாந்து உதிர்ந்த இடங்களில் கல்லின் கண்கள் தெரிகின்றன. விரல் வைத்தால் பவளப்பூச்சி கட்டிய நுண்ணிய அறைகள் தட்டுப்படும். இந்தச் சுவருக்கு முன் நிற்கும் எவருக்கும் இது இந்த மண்ணின் பொருளால் ஆனது என்பது சொல்லாமலே விளங்கும். குடாநாட்டில் கருங்கல் இல்லை. மண்ணைச் சிறிது தோண்டினால் சுண்ணாம்புக்கல், கரையோரத்தில் முருகைக்கல். தோண்டியெடுத்த புதிதில் முருகைக்கல் கத்திக்கும் வாச்சிக்கும் இளகிக்கொடுக்கும். காற்றுப் பட்டுக் காய்ந்தபின் இறுகும். அதே கல்லைச் சூளையில் இட்டுச் சுட்டால் சுண்ணாம்பு. ஆக, சுவரும் சாந்தும் பூச்சும் ஒரே கடலிலிருந்து வந்தவை. மேலே வைரம் பாய்ந்த பனை: தீராந்தியும் கைமரமும் சிலாகையும் பனையிலேயே. அதன்மேல் ஓலை, வசதி வந்தபோது ஓடு.

வடிவம் வெளியிலிருந்து வந்தது. கை உள்ளூர்க் கை. போர்த்துக்கேயர் விட்டுப்போன அமைப்பில் மக்கள் நிற்கும் நீள்மண்டபமும் பீடம் இருக்கும் சிறு அறையும் தனித்தனி. இரண்டுக்கும் நடுவே பெரிய வில்வளைவு ஒன்று. வாசலில் நுழைந்தவரின் கண் அந்த வளைவுக்குள்ளால் பீடத்தை நோக்கியே போகும். அகன்ற வளைவைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டுவது நம் கோயிற் கட்டடக்கலையின் முறை அல்ல. நம்முடையது தூணும் உத்தரமும். கல்லைச் சாய்த்து அடுக்கி ஒன்றின் பாரத்தை மற்றது தாங்கச் செய்யும் வித்தையை யாழ்ப்பாணத்துக் கொத்தனார் இந்த ஊர்த் தேவாலயங்களிலேயே பரவலாகப் பழகியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கட்டடத்தோடு சொல்லும் வந்தது. தீராந்தி, சன்னல், விறாந்தை, சாவி, கதிரை, மேசை, அலுமாரி, பாதிரி எல்லாம் போர்த்துக்கேயம். கந்தோர் ஒல்லாந்தம். நாளொன்றுக்குப் பத்துமுறை இவற்றைச் சொல்கிறோம்.

ஒல்லாந்தர் சீர்திருத்த சபையினர். உருவங்களையும் பக்கப் பீடங்களையும் அகற்றினார்கள். பார்க்கும் வழிபாடு போய்க் கேட்கும் வழிபாடு வந்தது. பீடத்தின் முதன்மை பிரசங்க மேடைக்குப் போயிற்று. பட்டினத்துக் கோட்டைக்குள் 1706இல் அவர்கள் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயத்தில் இந்த மாற்றம் முழுமையாகத் தெரிந்தது: நான்கு கையும் ஏறத்தாழச் சமம், எங்கிருந்தாலும் போதகரின் குரல் கேட்கும். ஊர்களில் அப்படிப் புதிதாகக் கட்டவில்லை. பழைய நீள்மண்டபத்தையே அகலப்படுத்தியும் பழுதுபார்த்தும் வைத்துக்கொண்டார்கள். வட்டுக்கோட்டையில் போர்த்துக்கேயர் இடத்தில் ஒல்லாந்தர் திருத்திக் கட்டியது அவ்வகையில் பெரியவற்றுள் ஒன்று. மக்கள் தொகையாக நின்று கேட்கவேண்டுமானால் இடம் வேண்டும்; அந்தத் தேவைதான் மண்டபத்தின் அகலம்.

கேட்க வந்த மக்கள் யார்? இங்கேதான் பதிவேடு வருகிறது. ஒவ்வொரு கோயிற்பற்றிலும் தேவாலயத்தோடு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் ஆசிரியராகச் சட்டம்பியார் ஒருவர் இருந்தார். ஒல்லாந்தக் குருமார் மிகச் சிலர். பால்தேயஸ் காலத்தில் குடாநாடு முழுவதையும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே சுற்றினார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழில் எழுதிக்கொடுத்த பிரசங்கத்தை வாசித்தவர் சட்டம்பியார். பிள்ளைகளின் வரவை எழுதியவர் அவர், வராதவருக்குத் தண்டம். பிறப்பு, திருமுழுக்கு, திருமணம் யாவும் அவருடைய பள்ளித் தோம்பில், அதாவது பதிவேட்டில், ஏறின. தோம்பில் பெயர் இல்லாதவருக்குத் திருமணம் செல்லுபடியாவதும் முதுசம் பிள்ளைகளுக்கு இறங்குவதும் சிக்கல். அரச உத்தியோகம் கிட்டாது. காணித் தோம்பு வேறு, பள்ளித் தோம்பு வேறு. இரண்டும் சேர்ந்து ஒரு குடியானவனை ஒரு கோயிற்பற்றுக்குள் கட்டின. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் நம் வழக்கங்களைத் தேசவழமையாகத் தொகுத்தபோது, யார் பிள்ளை, யாருக்கு எந்தக் காணி என்று காட்டும் ஏடுகள் ஏற்கெனவே ஊர்தோறும் இருந்தன.

எண்ணிக்கைகளை இந்தப் பின்னணியிலேயே படிக்கவேண்டும். 1663இல் குடாநாட்டுக் கிறிஸ்தவர் 62,558 பேர் என்று ஒல்லாந்தக் கணக்கு. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1760இல், பதிவானவர் 1,82,226 என்றும் அவர்களில் நற்கருணை பெறத் தகுதியானவராய் இருந்தவர் 64 பேர் என்றும் எமர்சன் ரெனன்ற் 1850இல் வெளியிட்ட நூலில் எடுத்துக் காட்டினார். இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் அறுபத்து நான்குக்கும் இடைப்பட்ட பள்ளத்தை நம் முன்னோரின் வஞ்சகம் என்று சில பாதிரிமார் எழுதினார்கள். எனக்கு அது ஒப்பாது. காணியைக் காக்கப் பெயரைக் கொடுத்தார்கள். மனத்தைக் கொடுக்கும்படி அவர்களை யாரும் வற்புறுத்த முடியாது. வீட்டுக்குள் திருநீறு இருந்தது. சுவருக்கு வெளியே தோம்பு இருந்தது. 1749இல் நல்லூரில் கந்தசுவாமி கோயில் மீண்டும் எழுந்ததும், 1790இல் வண்ணை வைத்தீசுவரன் கோயில் எழுந்ததும் ஒல்லாந்தர் ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே.

மனத்தைக் கொடுத்தவர்கள் பட்ட பாடு வேறு. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தபோது பழைய பங்குகளின் மக்கள் தேவாலயமே இல்லாமல் விசுவாசத்தைக் காத்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரர் கோலத்தில் வந்திறங்கிய யோசே வாஸ் அடிகளைப் பண்டத்தரிப்புக்குப் பக்கத்துச் சில்லாலை மக்கள் ஒளித்து வைத்துப் பூசை கண்டார்கள். 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடியவர்களை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தனர். 2015இல் அவ்வடிகள் புனிதராக அறிவிக்கப்பட்டார். கல் தேவாலயம் நின்ற பண்டத்தரிப்பில் கூட்டம் தோம்புக்காக வந்தது. கல் இல்லாத சில்லாலையில் கூட்டம் பூசைக்காக உயிரைப் பணயம் வைத்தது. ஒரு தேவாலயத்தின் வரலாற்றை எழுதுவோர் இரண்டு ஊரையும் சேர்த்தே எழுதவேண்டும்.

1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள், கட்டாயம் நீங்கியது. ஆள்வரவு நின்றது, கூரைகள் விழுந்தன. 1806இல் யாழ்ப்பாணம் வந்த குளோடியஸ் புக்கானன், பால்தேயஸ் காலத்தில் 32 தேவாலயங்கள் இருந்த மாகாணத்தில் தமக்கு எதிர்ப்பட்ட பாழ்நிலையைக் கண்டு வருந்தி எழுதினார். தரங்கம்பாடியிலிருந்து வந்த தமிழ் உபதேசியார் கிறிஸ்தியான் தாவீது போன்ற ஓரிருவரே அப்போது புரட்டஸ்தாந்து சபையைத் தாங்கினர். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தபோது அரசு இந்தப் பாழ்மண்டபங்களையும் அவற்றின் வளவுகளையும் அவர்களிடம் கொடுத்தது. தெல்லிப்பழைக்கு டானியல் பூவர் போனார்; வட்டுக்கோட்டைக்கு மெய்க்ஸும் றிச்சட்ஸும். பின்னர் பண்டத்தரிப்பு, உடுவில், மானிப்பாய். நல்லூரை இங்கிலாந்துத் திருச்சபை மிஷன் எடுத்தது. பழைய சுவருக்குள் புதுப் பனஞ்சிலாகை ஏறியது.

வளவுதான் இம்முறையும் பெரிய காரியம் செய்தது. வட்டுக்கோட்டை வளவில் 1823இல் செமினரி தொடங்கியது. 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலை. பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடரின் வைத்தியம். மானிப்பாயில் பிற்பாடு சாமுவேல் கிறீன், தமிழில் மருத்துவம் கற்பித்தவர். வட்டுக்கோட்டையில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானார்கள். தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஏட்டுச்சுவடியிலிருந்து சங்க இலக்கியத்தை மீட்டெடுத்த கை, ஒரு கோயிற்பற்றுத் தேவாலய வளவில் எழுதப் பழகிய கை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது வட்டுக்கோட்டைத் தேவாலயம் யாழ்ப்பாண ஆதீனத்தின் பேராலயமானது. இன்றும் அங்கே ஆராதனை நடக்கிறது. குடாநாட்டில் நம்மோடு வந்து சேர்ந்த பழைய ஊர்த் தேவாலயத்தைக் காண விரும்புவோர் அங்கே ஒரு ஞாயிறு காலை போய் உட்காரவேண்டும்.

இடித்த கோயில்களின் கற்கள் இந்தச் சுவர்களுக்குள் இருக்கின்றனவா என்று சைவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஒலிவேரா 500 கோயில்களை இடித்ததாகப் பெருமை பேசினார் என்பது வழக்கு. நல்லூர் யாக்கோபு தேவாலயம் நிற்கும் முத்திரைச்சந்தைப் பகுதியே பழைய கந்தசுவாமி கோயிலின் இடம் என்று மரபு சொல்கிறது. யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து இராசேந்திர சோழன் காலத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்தது, பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து வெளியிட்டார். கோட்டைக்குக் கோயிற்கல் போனது ஐயத்துக்கு இடமில்லாத செய்தி. ஊர்த் தேவாலயங்கள் விடயத்தில் கேள்விக்கு விடை சுவருக்குள்ளும் அடித்தளத்திலும் இருக்கிறது. மேடைப் பேச்சில் இல்லை. ஒவ்வொரு சுவரையும் கல் கல்லாக வரைந்து, செதுக்கிய கல் எது, புதிதாக வெட்டிய கல் எது என்று பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படிப் பார்ப்பதற்குச் சுவர் நிற்கவேண்டும். சைவக் கோயிலின் சான்றும் கிறிஸ்தவக் கோயிலின் சான்றும் ஒரே சுவரில் இருக்கும்போது, அந்தச் சுவர் விழுந்தால் இரண்டு பேருக்கும் இழப்பு.

சுவர் எப்படி விழுகிறது என்பதையும் சொல்லிவிடவேண்டும். முதலில் கூரை போகும். சுவரின் தலைப்பு வெறுமையாகி மாரி மழை உள்ளே இறங்கும். பறவை கொண்டுவந்த ஆலும் அரசும் அந்த ஈரத்தில் முளைக்கும். வேர் தடிக்கத் தடிக்கக் கல் விலகும். பூச்சு உதிர்ந்தால் முருகைக்கல் உப்பையும் நீரையும் உறிஞ்சும். இந்த நிலையில் நல்லெண்ணத்தோடு யாராவது சீமெந்து பூசினால் சேதம் இரட்டிக்கும்: சீமெந்து மூச்சுவிடாது, உள்ளே அடைபட்ட ஈரமும் உப்பும் கல்லையே பொடியாக்கும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் மருந்து. சுண்ணாம்பு சுடவும் புளிக்கவைக்கவும் தெரிந்த கொத்தனார் இன்று அருகிவருகிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பதும் தேவாலயத்தைக் காப்பதில் ஒரு பாதி.

போர் செய்ததை நாம் கண்டோம். கோட்டைக்குள்ளிருந்த 1706ஆம் ஆண்டுத் தேவாலயம் முற்றுகையிலும் பின் வந்த போரிலும் இடிந்து போயிற்று. கோட்டைச் சுவர்களை 2010க்குப் பின் திருத்தினார்கள். அந்தத் தேவாலயம் திரும்பவில்லை. மயிலிட்டி மக்கள் 1990இல் இடம்பெயர்ந்து, துறைமுகப் பகுதிக்கு 2017இல்தான் திரும்ப முடிந்தது. ஓர் ஊர் இருபத்தேழு ஆண்டு ஆளில்லாமல் கிடந்தால், அதன் பழைய சுவர்களைப் பார்த்துக்கொள்ளவும் யாரும் இல்லை. ஏடுகளின் விதி சற்று நல்லது: கொழும்பில் உள்ளவை உட்பட ஒல்லாந்தக் கம்பனி ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. தாளுக்குக் காவல் கிடைத்துவிட்டது. அந்தத் தாள் எழுதப்பட்ட திண்ணைக்கும் சுவருக்கும் இன்னும் கிடைக்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய உறுதி இருந்தால் எடுத்து, அதில் எழுதியிருக்கும் கோயிற்பற்றின் பெயரைப் பாருங்கள். அந்தப் பெயருக்குரிய தேவாலயம் எங்கே நின்றது என்று ஊரிலுள்ள முதியவர்களிடம் கேளுங்கள். சுவர் மிஞ்சியிருந்தால் படம் எடுங்கள்; கல் ஒன்றையும் எடுக்கவேண்டாம், சீமெந்து பூசவும் விடவேண்டாம். பல்கலைக்கழகத்தின் தொல்லியல் மாணவர்களை அழைத்து அளக்கச் சொல்லுங்கள். சங்கானையிலிருந்து தொடங்கலாம்; ஐப்பசி மழைக்கு முன் தொடங்கவேண்டும்.